ரிப்போர்ட்டை நோயாளியின் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள் வந்தால் எல்லாப் பத்திரிகைகளும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுகின்றன, உங்கள் நாளிதழும் எழுதுகிறது. கட்டி தெரிந்தால் காட்டுங்கள், வாய்ப்புண் ஆறாவிட்டால் காட்டுங்கள், புகையிலையை விடுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்கலாம். எல்லாம் சரி, எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கண்டுபிடித்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட் வந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவில் சில வாரம் ஓடும் பாருங்கள், அந்த நாட்களைப் பற்றித்தான் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கிவிட்டால் அடுத்தது என்ன என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள். அதற்கு முந்தின நாட்களில் சொல்ல ஆளே கிடையாது.

நான் தக்கலைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறேன். அதற்கப்புறம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். அநேகமாகப் போகிற வீட்டில் எல்லாம் வாசலிலேயே யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க சொல்லிரப்பிடாது" என்பார்கள். உள்ளே போய் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரிந்திருப்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். நோயாளியிடமிருந்து நோயை மறைக்காதீர்கள். ரிப்போர்ட் அவருடையது, அதை அவர் கையில் கொடுங்கள்.

என் ரிப்போர்ட்டை வாங்க நான் தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், தையல் கடையை மத்தியானம் பூட்டிவிட்டு நேரே போய் கவுண்டரில் சீட்டை நீட்டினேன். அங்கே இருந்த பெண் கவரை எடுத்து, உள்ளே இருந்த தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்துவிட்டு, "கூட ஆம்பிளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவங்கள வரச் சொல்லுங்க, டாக்டர் அவங்ககிட்ட பேசணும்" என்று கவரைத் திரும்ப டிராயருக்குள் வைத்துவிட்டாள். அவளும் சின்னப் பெண், மேலே இருப்பவர்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்ததை அந்தக் கேள்வியே எனக்குச் சொல்லிவிட்டது, அதுவும் பின்னால் வரிசை நிற்கிற இடத்தில், உட்கார ஒரு நாற்காலி இல்லாமல், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல்.

சாயங்காலம் வீட்டுக்காரரும் என் அண்ணனும் போய் வாங்கிவந்தார்கள். அண்ணன் என் தலையைத் தடவி, "நீ ஒண்ணும் வெப்ராளப்படாத மக்களே, சின்னக் கட்டிதான், ஒரு ஆபரேஷன் செஞ்சா சரியாயிரும்" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அன்றிலிருந்து அவர்கள் எனக்காக நடிக்க நான் அவர்களுக்காக நடித்தேன். நான் அடுக்களைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்காரர் ஃபோனை எடுத்துக்கொண்டு தென்னைமூட்டுக்குப் போய்ப் பேசுவார். மைனி (அண்ணன் மனைவி) எனக்குப் பிடிக்கும் என்று நெத்திலி அவியல் வைத்துக் கொண்டுவந்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போனாள். அழுவதற்குக்கூட எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் துணையில்லாமல் போயிற்று. நோய் தந்த பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்தில் இத்தனை பேர் இருந்தும் தனியாக இருந்த அந்த நாட்களைப் போல ஒன்றை கீமோ நாட்களில்கூட நான் அனுபவிக்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே படிப்பறிவில் முதலிடம் நம் குமரி மாவட்டத்துக்கு. நர்ஸ் படிப்பு படித்த ஒரு பிள்ளையாவது இல்லாத சொந்தபந்தம் இங்கே குறைவு. நோயும் நமக்குப் புதிதல்ல. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஓர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நம் தென் திருவிதாங்கூர் ஜனங்களுக்கு வந்த வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட நூறு வருஷமாக இந்த நோயைப் பார்த்துவரும் மண் இது, வாசிக்கத் தெரிந்த ஜனங்கள் இருக்கும் மண், இங்கே நோயாளி மட்டும் தன் ரிப்போர்ட்டை வாசிக்கக்கூடாதா?

மறைப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாசத்தில்தான் செய்கிறார்கள், தெரிந்தால் மனசு உடைந்துவிடும், பாதி உயிர் அதிலேயே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் வெளியே சொல்வதில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் நின்றால் அம்மாவின் நோய் வெளியே தெரியக்கூடாது. பரம்பரை நோய் என்று சொல்லி வரன் தட்டிப்போகும் என்ற பயம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான், மற்றதெல்லாம் அப்படி வருவதில்லை. அப்படியே பரம்பரையாக இருந்தாலும் அது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால்தானே அவள் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ள முடியும்? மறைத்து அவளை எதிலிருந்து காப்பாற்றுகிறோம்?

மறைத்ததால் என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு அண்ணன், வாயில் புண். வீட்டில் எல்லாரும் சேர்ந்து அல்சர் என்று சொல்லிவிட்டார்கள். ரேடியேஷனை 'லைட் வைக்கிறாங்க' என்றார்கள். பாதியில் தொண்டை எரிச்சல் தாங்க முடியாமல் போனது, அது அந்தச் சிகிச்சையில் அநேகமாக எல்லாருக்கும் வருவதுதான். அவரோ, வெறும் அல்சருக்கு இவ்வளவு பாடு எதற்கு, புண்ணும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டு பால் வெட்டப் போய்விட்டார். வீட்டில் கெஞ்சினார்கள், உண்மையைச் சொல்லாமலே கெஞ்சினார்கள். திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கழுத்தில் கட்டி. அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பார் என்று அவர் மனைவி இன்றும் சொல்லி அழுகிறார். ஒரு சிகிச்சையை முழுசாகத் தாங்குவதற்கு எதற்காகத் தாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள் சிலர், "எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம், மகன்கிட்ட பேசுங்க" என்று அவர்களே சொல்வார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "ரிப்போர்ட் வந்திருக்கு, உங்களுக்குச் சொல்லட்டுமா, எவ்வளவு சொல்லணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சொல்லாமல் வைத்தால் நடக்கும் இன்னொரு கூத்து, ரிப்போர்ட்டை எல்லாரும் ஆளுக்கு ஒரு விதமாக வாசிப்பது. என்னுடைய ரிப்போர்ட்டை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைத்திருந்தார்கள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எடுத்து ஃபோன் வெளிச்சத்தில் வாசித்தேன். கிரேடு 3 என்று போட்டிருந்தது. மூன்றாவது ஸ்டேஜ், அவ்வளவுதான் என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மற்றவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அது பிறகுதான் தெரிந்தது. மைனியின் தங்கை திருவனந்தபுரத்தில் நர்ஸ், அவள் லீவில் வந்தபோதுதான் எனக்கு விடிவு வந்தது. யார் தடுத்தும் கேட்காமல் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதினாள், கிரேடு, ஸ்டேஜ். கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் எவ்வளவு மாறிப் போயிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகக்கூடியவை என்பது. ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகுதான் ஸ்டேஜ் தெரியும், சிலருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் சரியாகத் தெரியும், உங்க ஸ்டேஜ் என்னன்னு இன்னும் யாருக்குமே தெரியாதுக்கா என்றாள். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அதே போல, எடுத்த எடுப்பில் ஆபரேஷன் செய்யாமல் முதலில் கீமோ என்று சொன்னால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதும் ஒரு முறைதான். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்.

அந்த நாட்களில் எல்லாருக்கும் ஒரு பதற்றம், இன்றைக்கே தொடங்க வேண்டும், நாளைக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும் என்று. ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாள் பரவிவிடும் என்ற பயம். பெரும்பாலான கட்டிகள் மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ வளர்ந்து வந்தவை. எந்த வகை என்று பார்க்கும் டெஸ்டுகளுக்கும் (மார்பகத்துக்கு ஈஆர், பிஆர் என்று இரண்டு ஹார்மோன் டெஸ்டும், ஹெர்-2 என்று ஒரு புரத டெஸ்டும் பார்ப்பார்கள்) ஸ்கேனுக்கும் இரண்டு மூன்று வாரம் போனால் அது வீணான நாள் இல்லை, சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. திடீரென்று வரும் ரத்தப் புற்றுநோய் சில வகைகளுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, முதுகுவலியோடு கால் மரத்துப் போவது, சிறுநீர் தெரியாமல் போவது, இதெல்லாம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதி பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உங்களுக்கு அவசரமா இல்லையா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

பயாப்ஸி பற்றியும் ஒரு வார்த்தை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொல்லி ஊசிப் பரிசோதனைக்கே போகாமல் இருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. பயாப்ஸி எடுக்காமல் எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்தி கசிந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஜெபம் செய்ய வருபவர்கள், கோயில் பிரசாதத்தோடு வருபவர்கள், எனக்கு இரண்டு தரப்பும் ஆறுதலாகத்தான் இருந்தார்கள். ஆனால் முள்சீத்தா இலைக் கஷாயம், கருஞ்சீரகம், சர்க்கரையை விட்டால் நோய் பட்டினியில் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, இதையெல்லாம் அந்த முதல் வாரத்தில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுவார்கள். நம் மாவட்டத்தில் வைத்தியர்களும் ஆசான்களும் நிறைய, அவர்கள் மேல் மரியாதையும் உண்டு, நானும் கை சுளுக்கினால் ஆசானிடம்தான் போவேன். ஆனால் பயாப்ஸியில் நிச்சயமான புற்றுநோய்க்கு, இதை மூன்று மாதம் குடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குணமாகக்கூடிய காலம் அந்த மூன்று மாதத்திலேயே போய்விடலாம். கூடவே எதையாவது சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், சில பொருட்கள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். அப்புறம், ஒரு வீட்டில் நோயாளிக்குத் தனித் தம்ளரும் தட்டும் வைத்திருந்ததைப் பார்த்தேன். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, எச்சிலில் ஒட்டாது. அந்தத் தம்ளரை எடுத்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசியுங்கள்.

எங்கே போவது என்ற கேள்வி நமக்கு மற்ற மாவட்டத்தாரைப் போல இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-லிருந்து இருக்கிறது, ஆனால் அது நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) 1981-ல் தொடங்கியது, 70 கிலோமீட்டர்தான், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும், அதனால் நம் ஜனங்கள் அதிகமாக அங்கேதான் போகிறார்கள். எங்கே போனாலும் ரிப்போர்ட் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயாப்ஸி எடுத்த சதையை லேபில் மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள், அதற்கு பிளாக் என்று பேர், அதிலிருந்து சீவிய கண்ணாடித் துண்டுகள் ஸ்லைடு. பெரிய ஆஸ்பத்திரிகள் இவற்றை வாங்கி மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். இல்லாவிட்டால் அதை வாங்க ஒருவர் திரும்ப ஊருக்கு ஓட வேண்டும், ஒரு வாரம் போய்விடும். ஸ்கேன் சிடியையும் கேட்டு வாங்குங்கள், எல்லாத் தாளையும் தேதி வரிசைப்படி ஒரு ஃபைலில் போட்டு ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அந்த ஃபைல் நோயாளியிடம் இருக்கட்டும்.

பணத்துக்கும் அதே பதற்றம்தான். முதல் வாரத்திலேயே நகையை வட்டிக் கடையில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் வருகின்றன. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். காப்பீட்டுக் கார்டு இல்லாதவர்கள் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்துவிடலாம். எல்லை தாண்டிப் போகிறவர்கள் நம் கார்டு அங்கே செல்லுமா என்று கிளம்புமுன்னே கேட்டுக்கொள்ள வேண்டும். ரயிலிலும் சலுகை உண்டு, ஆஸ்பத்திரி சான்றிதழ் இருந்தால் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி குறையும். இதைத் தெரியாமலே முழு டிக்கெட் எடுத்து அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் ஒரு வேன் நிறைய ஆள் வேண்டாம். நிதானமான ஒருவர் கூட இருந்தால் போதும், கையில் ஒரு நோட்டு. என்ன வகை, எங்கே தொடங்கியது, வேறு எங்கேயும் போயிருக்கிறதா, இந்தச் சிகிச்சை குணமாக்கவா கட்டுக்குள் வைக்கவா, எவ்வளவு நாள், எவ்வளவு செலவு. கல்யாணமாகாத பிள்ளைகளும் புதிதாகக் கல்யாணமானவர்களும் கீமோ தொடங்குமுன் இன்னொன்றும் கேட்க வேண்டும், பின்னால் குழந்தை பெற வழி இருக்குமா, அதற்கு இப்போதே கருமுட்டையையோ விந்தணுவையோ சேமித்து வைக்க முடியுமா என்று. சங்கடப்பட்டுக் கேட்காமல் விட்டால் பிறகு அந்த வாய்ப்பு இல்லாமல் போகலாம். நோயாளியிடம் மறைத்திருந்தால் இந்தக் கேள்வியை யார் கேட்பது?

பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். என் மகளுக்கு அப்போது பிளஸ் டூ, பரீட்சை முடியட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தே எதையோ புரிந்துகொண்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துச் சாப்பிடாமல் இருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு இன்ன நோய், இன்ன சிகிச்சை, தலைமுடி கொட்டும், பிறகு முளைக்கும் என்று சொன்னேன். அழுதாள், அப்புறம் போய்ப் படித்தாள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் மறைப்பதும் இதே கதைதான். வீடியோ காலில் அம்மாவைக் காட்டாமல் எத்தனை நாள் சாக்குச் சொல்வீர்கள்?

தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, திடீரென்று கோபம் வரும், சில சமயம் ஒன்றுமே தோன்றாமல் மரத்துப் போயிருக்கும். இதெல்லாம் முதல் நாட்களில் எல்லாருக்கும் உண்டு, மனபலம் இல்லை என்று யாரும் யாரையும் திட்ட வேண்டாம். தைரியமாக இரு, தைரியமாக இரு என்று நாள் முழுக்கச் சொல்வதும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் எழுந்திருக்க முடியவில்லை என்றாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூடவோ, 14416-க்கு ஃபோன் செய்யுங்கள், டெலி மனஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம். அரசாங்க மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் பேச ஆளில்லாமல் தவித்தார்.

நம் மாவட்டத்தில் பயாப்ஸி ரிப்போர்ட் கொடுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் லேபுகளுக்கும் உங்கள் மூலமாக ஒரு கோரிக்கை. ரிப்போர்ட்டைக் கவுண்டரில் வைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, விஷயம் தெரிந்த ஒரு நர்ஸ், கால் மணி நேரம். நோயாளி பெண்ணாக இருந்தாலும் அவளிடமே பேசுங்கள், ஆம்பிளையைக் கூட்டிவா என்று திருப்பி அனுப்பாதீர்கள். இதற்குப் புதிய கட்டடமோ மெஷினோ தேவையில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்காமல், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும், வாங்கிவைக்க வேண்டிய பிளாக், ஸ்லைடு, சான்றிதழ் விவரத்தையும், மேலே சொன்ன ஃபோன் எண்களையும், வெட்டி எடுத்து ஃபைலில் வைக்கிற மாதிரி ஒரு கால் பக்கத்தில் போடுங்கள். எழுதித் தர நான் தயார், ஒரு புற்றுநோய் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு வெளியிடுங்கள். என் பெயரும் முகவரியும் ஃபோன் நம்பரும் தனித்தாளில் இருக்கின்றன. மத்தியானம் 2 மணிக்கு மேல் கூப்பிட்டால் பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.